மூடு பலகை

காலடிப்பேட்டை
ஜனவரி 21, புதன் பிற்பகல்

அன்பு மதிக்கு,

விழுந்து கிடக்கிற வேலி நம்முடையதா ஜானட் அத்தை வீட்டுடையதா என்று போன வாரம் போனில் கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன், அப்புறமும் தெரியவில்லை. கல்லூரியில் யாராவது கேள்வி கேட்டால் தெரியாது என்று சொல்ல நான் தயங்குவதில்லை, வீட்டில் அது அவ்வளவு சுலபமாக வரவில்லை. நாங்கள் இருவரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை அளவாக இருக்கிறதாம், அளந்தது அவரே என்பதால் நான் பாதிதான் நம்புகிறேன். எனக்கு மாடிப்படி ஏறினால் இடது முழங்கால் முனகுகிறது, வேறொன்றும் இல்லை. நீ நலமாக இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன். என் போனில் வானிலை பார்க்கும் இடத்தில் சென்னைக்குக் கீழே நீ இருக்கும் பெர்கன் இருக்கிறது, காலையில் எழுந்ததும் முதலில் கீழே உள்ளதைத்தான் பார்ப்பேன். தினமும் மழை என்றே போடுகிறது. குடை எடுத்துப் போகிறாயா என்று போனில் கேட்டால் சிரிப்பாய், கடிதத்தில் கேட்டால் சிரிப்பது எனக்குக் கேட்காது, அதனால் கேட்கிறேன். போனில் சொல்ல முடியாத வேறொன்றும் இருக்கிறது, அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். அது வேலியைப் பற்றியதுதான், கொஞ்சம் சுற்றித்தான் வரும், பொறுத்துக்கொள்.

டிசம்பர் முதல் வாரம் இரண்டு நாள் விடாமல் அடித்த காற்றில் புழக்கடை வேலி நடுவில் வயிறு தள்ளினாற்போல் அவர்கள் பக்கம் சாய்ந்து, மூன்றாம் நாள் காலையில் பாதி நீளத்துக்குப் படுத்துவிட்டது. அது ஜானட் காயப்போட்டிருந்த துணிக்கொடியையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. சத்தம் கேட்டு நான் இந்தப் பக்கம் வந்தேன், அவள் அந்தப் பக்கம் வந்தாள். நடுவில் மறைப்பில்லாமல் ஒருவரையொருவர் பார்த்து மூன்று வருஷமாகிறது. அவளுக்கு நரை நிறைய வந்துவிட்டது, என்னைப் பார்த்து அவளும் அதையே நினைத்திருப்பாள். என்னிடம் பேசவில்லை. முருங்கை மரத்தைப் பார்த்து, "படிச்சவங்க வூட்டு வேலி பாரு, எம் பொடவ மேல வந்து படுத்துகினு கீது" என்றாள். நானும் முருங்கை மரத்தைப் பார்த்து, அது அவள் அப்பா கஸ்பார் மாமா போட்ட வேலி, எங்களுடையது இல்லை என்றேன். வேலித் தகராறு என்றால் ஊரில் எல்லாரும் என்னுடையது என்னுடையது என்று சண்டை போடுவார்கள். நாங்கள் உன்னுடையது உன்னுடையது என்று போட்டோம். அப்பா பல் தேய்த்துக்கொண்டே இதையெல்லாம் கேட்டுவிட்டு, உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த மரத்துக்குத்தான் பாவம் காது வலிக்கும் என்றார்.

அவர் சும்மா இருக்கவில்லை. பீரோவிலிருந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்து, நான்கு எல்லை எழுதியிருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துச் சத்தமாகப் படித்தார். வடக்கே கஸ்பார் வீட்டு மரவேலி என்று இருந்தது. பார்த்தாயா என்றேன் நான். உடனே மேத்யூ மாமாவுக்குப் போன் போட்டார். நாங்கள் இரண்டு பெண்களும் பேசாததால் புருஷர்கள் இருவருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை, தெருமுனைக் கடையில் தினமும் சேர்ந்துதான் டீ குடிக்கிறார்கள். மேத்யூ மாமா அவர்கள் பத்திரத்தைப் படம் எடுத்து அனுப்பினார். அதில் தெற்கே லட்சுமணன் வீட்டு மரவேலி என்று இருக்கிறது. உன் தாத்தாவும் கஸ்பார் மாமாவும் ஒரே நாளில் ஒன்றாக ரிஜிஸ்டர் ஆபீஸ் போய் எழுதிக்கொண்டு வந்த பத்திரங்கள் இவை. எழுதுகிறவர் முன்னால் உட்கார்ந்து ஒருவர் பெயரை ஒருவர் சொல்லியிருக்கிறார்கள். மரியாதைக்குச் சொன்னார்களா, பராமரிக்கும் வேலையை மற்றவர் தலையில் கட்டச் சொன்னார்களா, அதுவும் எனக்குத் தெரியாது. ஆக சட்டப்படி அந்த வேலி யாருடையதும் இல்லை. மரத்தைப் பார்த்தாவது கண்டுபிடிக்கலாம் என்றால் அதற்கும் வழி இல்லாமல் செய்திருக்கிறார் கஸ்பார் மாமா.

உனக்கு அந்தக் கதை அரைகுறையாகத்தான் தெரியும். நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன், அதாவது முப்பத்தேழு வருஷம் முன்னால். அப்போது இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது, ஒரு துளசிச் செடியும் அவர்கள் ஆடும்தான். தாத்தா ஹார்பரில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தார், சங்கத்தில் பொறுப்பு. மே தினத்துக்கு முதல் நாள் சங்கத்துக் கொடியைத் துவைத்துப் புழக்கடையில் காயப்போட்டார், கஸ்பார் மாமாவின் ஆடு அதைப் பாதிக்கு மேல் தின்றுவிட்டது. தாத்தா கோபத்தில் மீதித் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே போய் நின்றார். கஸ்பார் மாமா ஆட்டையும் துணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "துணி போனா போவட்டும் நைனா, நீ பேரு வெச்ச கொடி பத்தரமா கீதுல்ல" என்று செங்கொடியாகிய என்னைக் காட்டினார். தாத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்தாலும் விடவில்லை, ஒன்று ஆடு இருக்க வேண்டும், இல்லையென்றால் வேலி இருக்க வேண்டும் என்றார். கஸ்பார் மாமா காசிமேட்டில் படகு கட்டுகிறவர், நாலு பலகை அடிப்பது ஒரு வேலையா என்று அடுத்த ஞாயிறே பூசை முடிந்ததும் ஆரம்பித்தார். பலகைக்குத் தாத்தா ஹார்பரில் ஏலம் விடுகிற கட்டைகளை எடுத்து வந்தார், கப்பலில் சரக்கு அசையாமல் இருக்க அண்டை கொடுப்பார்களே அவை. எந்தெந்த நாட்டு மரமோ, ஒன்று சிவப்பு, ஒன்று வெளுப்பு, ஒன்றில் நமக்குப் புரியாத எழுத்து. கஸ்பார் மாமா ஒவ்வொன்றையும் காதருகே வைத்து விரல் முட்டியால் தட்டுவார், மோந்து பார்ப்பார், பாதியைத் தூக்கி அடுப்புக்குப் போட்டார். தாத்தா கஷ்டப்பட்டுச் சுமந்து வந்தது அடுப்புக்குப் போவதைப் பார்த்து முனகினார். கம்பத்துக்கு மட்டும் கஸ்பார் மாமா யாருடையதையும் நம்பவில்லை, உடைத்துப் போட்ட பழைய படகின் அடிமரத்தை அறுத்து ஒன்பது கம்பம் கொண்டுவந்தார். இருபது வருஷம் மீன் எண்ணெயும் உப்பும் குடித்த மரம், கரையான் இதைக் கண்டால் கும்பிடு போட்டுப் போய்விடும் என்றார்.

அப்புறம்தான் முதுகுப் பிரச்சினை வந்தது. வேலிக்கு ஒரு முகம் உண்டு, ஒரு முதுகு உண்டு. குறுக்குச் சட்டமும் கம்பமும் தெரிகிற பக்கம் முதுகு, வழவழப்பாகப் பலகை தெரிகிற பக்கம் முகம். முதுகு எந்த வீட்டுப் பக்கமோ அவர்கள் போட்ட வேலி என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். "எவன் வூட்டுக்கு முதுவு காட்றது, நீயே சொல்லு" என்று கஸ்பார் மாமா கேட்டார். தாத்தா முகம் உனக்கு இருக்கட்டும், முதுகை எனக்குக் காட்டு என்றார், அவர் எனக்குத்தான் காட்டுவேன் என்றார், ஒரு முழு டீ நேரம் இது நடந்தது. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். சட்டத்தின் அந்தப் பக்கம் ஒரு பலகை, இந்தப் பக்கம் ஒரு பலகை, மறுபடி அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி அடித்தார். எங்கிருந்து பார்த்தாலும் பாதி முகம், பாதி முதுகு. கடல்காற்றுக்கும் நடுவில் புகுந்து போக வழி கிடைத்தது. நெருக்கமாக அடித்த வேலி படகுப் பாய் மாதிரி காற்றைப் பிடித்து விழுந்துவிடும் என்று அவர் சொன்னதை நான் பிற்பாடு இயற்பியல்காரர்களிடம் கேட்டேன், சரிதான் என்றார்கள்.

எல்லாப் பலகையும் அடித்து, நட்டநடுவில் ஒன்று பாக்கி இருந்தது. படகிலும் அப்படி ஒன்று உண்டாம், மற்ற எல்லாப் பலகையையும் சேர்த்த பிறகு கடைசி இடைவெளியில் வைத்து மூடுவது, அதற்கு மூடு பலகை என்றே பெயர். அதை ஆசாரி தன்னிஷ்டத்துக்கு அடிக்க மாட்டான், படகுக்காரன் வந்து கையால் பிடிக்க வேண்டும், அப்புறம்தான் ஆணி. மூடு பலகையை எவன் பிடிக்கிறானோ படகு அவனுடையது. அதனால் கஸ்பார் மாமா பலகையைத் தாத்தாவிடம் நீட்டி, "புடி மாமு, உன்து" என்றார். தாத்தா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆடு உன்னுடையது, வேலியும் உன்னுடையது என்றார். இவர் பிடிக்கவில்லை, அவரும் பிடிக்கவில்லை. சாயந்தரம் வரைக்கும் பலகை கையிலேயே இருந்தது. வெளிச்சம் போகிற நேரத்தில் கஸ்பார் மாமா பலகையின் தலையில் மட்டும் ஒரு செப்பு ஆணி அடித்துத் தொங்கவிட்டு, "அப்பால முடிவு பண்ணிகினு அடிச்சிக்கலாம்" என்று சுத்தியலை எடுத்துக்கொண்டு போனார். அந்த அப்பால வரவே இல்லை. பலகை ஒற்றை ஆணியில் ஆடிக்கொண்டு நின்றது. முதலில் ஜானட்டும் நானும் அதைத் தள்ளிக் கணக்கு நோட்டு மாற்றிக்கொண்டோம், பிறகு அதன் வழியாகக் குழம்புக் கிண்ணம் போயிற்று வந்தது, காய்ச்சலுக்கு மாத்திரை போயிற்று. நான் எம்.எஸ்சி. முடித்த சேதியை முதலில் கேட்ட காதும் அந்தப் பலகைக்குப் பின்னால்தான் இருந்தது. நீ நாலு வயதில் அதில் தலையை நுழைத்து மாட்டிக்கொண்டாய். இந்தப் பக்கம் நான் காலைப் பிடித்திருக்கிறேன், அந்தப் பக்கம் ஜானட் உன் தலையில் தேங்காய் எண்ணெய் தடவுகிறாள், நீ அழாமல் அவள் கொடுத்த கேக்கை மென்றுகொண்டிருக்கிறாய். பழையதெல்லாம் நல்லது என்று சொல்கிற ஆள் நான் இல்லை, உனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் இந்தத் தெருவில் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்ற கால்வலி எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் அந்தப் பலகை நல்லதுதான்.

வேலியைக் காப்பாற்றியது எண்ணெய். வருஷத்துக்கு ஒரு தரம், ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றம் வருவதற்குள், மழை வருமுன் நல்ல வெயில் நாளாகப் பார்த்து மத்தி மீன் எண்ணெய் பூசுவோம். "கொடி ஏத்தறதுக்குள்ள எண்ணெ ஏத்திடணும்" என்பார் கஸ்பார் மாமா. இரண்டு வீடும் ஒரே நாளில் பூச வேண்டும். மரத்துக்கு ஒரு பக்கம் மட்டும் எண்ணெய் காட்டினால் மறுபக்கம் ஈரத்தைக் குடித்து வளைந்துவிடும். நாற்றம் பத்து நாள் போகாது, தெருப் பூனைகள் எல்லாம் வரிசையாக வந்து வேலியை நக்கும், நீ அவற்றுக்குப் பெயர் வைப்பாய். தாத்தாவும் போய், கஸ்பார் மாமாவும் போன பிறகு நானும் ஜானட்டும் அதை விடாமல் செய்தோம், நீ கிளம்பிய வருஷம் வரை. அதற்குப் பின் செய்யவில்லை. அவள் பக்கத்துக்கு அவள் ஒரு வருஷம் தனியாகப் பூசினாள், நான் என் பக்கம் பூசவே இல்லை. எனவே காற்றில் விழுந்தது என்று அப்பா உன்னிடம் சொன்னது முழு உண்மை இல்லை. காற்று கடைசியாக வந்தது, அவ்வளவுதான்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பலகை ஏன் ஆடவில்லை என்று நீ ஒரு தரம் வீடியோவில் பார்த்துக் கேட்டபோது, காற்றில் சத்தம் போட்டது, அப்பா ஆணி அடித்துவிட்டார் என்றேன். அடித்தது நான். உன்னை ஏர்போர்ட்டில் விட்டு வந்த மறுநாள் அது. முதல் நாள் எல்லாரும் அழுதார்கள், ஜானட் அதிகமாக அழுதாள், நான் உன் பெட்டியின் எடைச் சீட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் நான் புழக்கடைப் படியில் உட்கார்ந்து தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது பலகை நகர்ந்தது, சங்கரா மீன் குழம்போடு கிண்ணம் வந்தது, கூடவே அவள் குரலும் வந்தது. "பெத்த புள்ளய ஏத்திவுட்டு வந்துட்டு பேப்பரு திருத்திகினு கீற, உனக்கு மன்சா கல்லா கொடி" என்றாள். அவள் அதைச் சண்டைக்குச் சொல்லவில்லை என்று இன்றைக்குத் தெரிகிறது, என்னை அழ வைக்கத்தான் சொல்லியிருப்பாள். அன்று தெரியவில்லை. கிண்ணத்தை வாங்கி வைத்தேன், உள்ளே போய் நாலங்குல இரும்பு ஆணி மூன்று எடுத்து வந்து, அவள் அந்தப் பக்கம் நிற்கும்போதே பலகையின் அடியில் அடித்தேன். நான் கையில் வைத்திருந்தது ஒரே தாள், மதி. காலையிலிருந்து அதன் முதல் பக்கத்தையே படித்துக்கொண்டிருந்தேன், அந்தப் பெண் என்ன எழுதியிருந்தாள் என்று எனக்கு ஒரு வரிகூடத் தெரியாது. இதை நான் அவளிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. அந்தக் கிண்ணம் இன்னும் நம் சமையலறையில் மேல்தட்டில் கவிழ்ந்திருக்கிறது, அடியில் ஜா. மே. என்று பெயர் வெட்டியது.

வேலி விழுந்த பிறகு அப்பா ஹாலோ பிளாக் சுவர் வைத்துவிடலாம் என்றார். இரண்டு நாளில் முடியும், எண்ணெய் வேண்டாம், கரையான் இல்லை, யாரும் யாரோடும் பேசவும் வேண்டாம் என்றார். கடைசிக் காரணத்தை அவர் கிண்டலாகத்தான் சொன்னார், எனக்கு அது சுருக்கென்றது. சுவர் ஒருமுறை எழும்பிவிட்டால் அதில் எந்தப் பலகையும் ஆடாது. மரம்தான் என்றேன். விழுந்ததைப் பிரித்துப் பார்த்தால் ஒன்பது கம்பத்தில் ஏழு இன்னும் கெட்டி, மண்ணுக்குள் இருந்த பாகம்கூட, கத்தியால் குத்தினால் முனை இறங்கவில்லை. பலகைதான் போய்விட்டது, முக்கியமாக நான் இரும்பு ஆணி அடித்த இடத்தில் துரு இறங்கி மரம் கறுத்துப் பொடியாக உதிர்ந்தது. ராயபுரத்தில் சங்கரநாராயணன் என்பவருடைய மரவாடிக்குப் போனேன். அவர் பைன் காட்டினார், பார்க்க அழகு, தூக்க லேசு. வேங்கை காட்டினார். படகுக்குப் போடுகிற அயினி காட்டினார். எது நல்லது என்றால் எல்லாமே நல்லது என்றார், விற்கிறவர் வேறென்ன சொல்வார். ஒவ்வொன்றிலும் கையகலத் துண்டு வாங்கி வந்து கல்லூரி லேபில் கடல்தண்ணீரில் ஒரு வாரம் ஊறப்போட்டு முன்னும் பின்னும் எடை பார்த்தேன். பைன் தாகத்தில் வந்தவன் மாதிரி குடித்திருந்தது, அயினி குறைவாகக் குடித்திருந்தது. மறுபடி போய் அயினி என்றதும், எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டார், சொன்னேன். "மேடம், இது வேலிக்கா ராக்கெட்டுக்கா" என்றார். அப்பா அதை இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். பலகையின் வெட்டு முனையைப் பார்த்து, நடுவில் வைரம் பாய்ந்ததாகவும் ஓரத்தில் வெளுத்த பாகம் இல்லாததாகவும் ஒவ்வொன்றாக எடுத்தேன். தட்டியும் பார்த்தேன், காதில் ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் தட்டினேன்.

காசிமேட்டில் படகு வேலை பார்க்கிற சைமன் ஆசாரி திங்கட்கிழமை வந்தார். குழி இரண்டரை அடி, அடியில் ஜல்லி, கம்பத்தின் காலுக்குத் தார். சிமென்ட் கிண்ணம் மாதிரி ஊற்றினால் தண்ணீர் தங்கி அழுகும் என்று அவரே சொன்னதால் அவர்மேல் நம்பிக்கை வந்தது. துருப்பிடிக்காத ஜி.ஐ. ஆணி, பழையபடி மாற்றி மாற்றி. ஜானட் அந்தப் பக்கம் பாயை விரித்து மசாலா காயவைத்துக்கொண்டே மூன்று நாளும் பார்த்துக்கொண்டிருந்தாள், வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. இன்று மத்தியானம் நடுவில் ஒரு பலகை பாக்கி இருக்கும்போது சைமன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். "டீச்சர், மூடு பலகைய யாரு புடிக்கறது" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "இதுல கேக்கறதுக்கு இன்னா கீது ஆசாரி, மூணு வருசம் மின்னாடியே ஆணி அடிச்சிட்டாங்கல்ல, வேலி அவங்கள்துதான்" என்று வந்தது. படகு ஆசாரியின் மகள் அவள், நான் ஆணி அடித்ததை அவள் கோபம் என்று எடுத்துக்கொள்ளவில்லை, இவ்வளவு வருஷம் இரண்டு பேருக்கும் பொதுவில் விட்டிருந்ததை நான் எனக்கென்று எடுத்துக்கொண்டேன் என்றுதான் புரிந்துகொண்டிருக்கிறாள். மூன்று வருஷமாக அவள் பேசாதது அதற்காக. எனக்கு அந்த வழக்கம் தெரியும், தெரிந்தும் அன்று அது ஞாபகத்தில் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சைமனை அனுப்பிவிட்டேன். பலகை என் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறது. நாளை அவர் வந்து கேட்டால் என்ன சொல்வேன், யோசித்துப் பார்த்தேன், எழுதிப் பார்த்தேன், இதுவரை ஒன்றும் அகப்படவில்லை. அதனால் உறையை ஒட்டாமல் வைக்கிறேன். நடந்ததை நடந்தபடி கீழே எழுதி ஒட்டுகிறேன், கூட்டியோ குறைத்தோ எழுத மாட்டேன்.

நீ காலையில் வெறும் காபியோடு ஓடாதே. ஈரக் காலுறையைக் காயாமல் மறுபடி போடாதே. அங்கே உன் வாடகை வீட்டுக்காரம்மா வேலிக்கு வர்ணம் அடிக்கக் கூப்பிட்டாள் என்றாயே, போய் அடி, இரண்டு பக்கமும் ஒரே நாளில் அடிக்கச் சொல். அப்பா உனக்கு ஜெய்பீம் சொல்லச் சொன்னார், ஜூனில் வரும்போது அந்த ஊர்ச் சீஸ் கொண்டுவரச் சொன்னார், சீஸை நான் பரிந்துரைக்கவில்லை. நீ நினைத்த படிப்பை நினைத்தபடி முடித்து, திடமான உடம்போடும் யாருக்கும் தலைகுனியாத மனதோடும் நீண்ட நாள் வாழ வேண்டும், கண்ணு. ரெசிடென்ஸ் பெர்மிட் தேதி பிப்ரவரியில் முடிகிறது, மறக்காதே.

உன் அம்மா,
செங்கொடி

வியாழன், ஜனவரி 22

சைமன் வரவில்லை. காலையிலிருந்து போன் அணைந்திருந்தது. கல்லூரிக்கு அரைநாள் லீவு சொல்லியிருந்தேன், அதனால் புழக்கடைப் படியில் தாள்களோடு உட்கார்ந்தேன். பத்தரை மணிக்கு ஜானட் இடைவெளிக்கு நேராக வந்து நின்றாள். முருங்கையைப் பார்க்கவில்லை. ஆசாரி வரலையா என்றாள். வரவில்லை என்றேன். பலகை எங்கே என்றாள். எடுத்துக் காட்டினேன். கையை நுழைத்து, குடு என்றாள். கொடுத்தேன், வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அரை மணி நேரம் வரவில்லை. அவளுடையது என்று முடிவாகிவிட்டது, அதுவும் நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் மேல்தட்டிலிருந்து கிண்ணத்தை இறக்கிக் கழுவினேன்.

அவள் திரும்பி வந்தபோது பலகையின் தலையில் ஒரு துளை போட்டிருந்தது, மற்றக் கையில் கஸ்பார் மாமாவின் சுத்தியலும், விழுந்த வேலியிலிருந்து பிடுங்கி நிமிர்த்தின பழைய செப்பு ஆணியும். நீ அந்தாண்ட புடி, நான் இந்தாண்ட புடிக்கிறேன் என்றாள். இரண்டு பேரும் பிடித்தோம். ஒரே ஆணி, நாலு அடி. கொஞ்சம் கோணலாகத்தான் இறங்கியது, நான் சொன்னேன், உனக்குத் தெரிஞ்சா நீ அடி என்றாள். அப்புறம் பலகையைத் தள்ளிப் பார்த்தாள், ஆடியது. நான் கிண்ணத்தை நீட்டினேன். வாங்கி உள்ளே பார்த்துவிட்டு, "மூணு வருசம் வெச்சிருந்துட்டு காலியாவா குடுக்கற, எம்மெஸ்சி படிச்சவ" என்றாள். அன்றைக்கு நான் அந்தத் தாளைப் படிக்கவே இல்லை ஜானட், ஒரு பக்கம்கூட என்றேன். தெரியும் கொடி, தலைகீழா வெச்சிருந்த என்றாள்.

வேலி யாருடையது என்று இன்றும் முடிவாகவில்லை. புது மரம் என்பதால் முதல் எண்ணெய் சீக்கிரம் பூச வேண்டும். அவள் ஞாயிறு வேண்டாம், பூசை இருக்கிறது, சனிக்கிழமை என்கிறாள். எனக்குச் சனிக்கிழமை கல்லூரி. பேசிக்கொண்டிருக்கிறோம்.